குடியாத்தத்துக்குப் பூ அனுப்பணுமா? ஊரைத் தெரிந்த கையைத் தேடுங்கள்

வெளியூரில் இருந்துகொண்டு குடியாத்தம், ஆற்காடு, பேரணாம்பட்டு மாதிரி ஊர்களுக்குப் பூ அனுப்ப நினைப்பவர்கள் ஒரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொண்டால் பாதி வருத்தம் மிச்சம். இணையத்தில் படம் பார்த்து நாம் ஆர்டர் போடும் பூங்கொத்து எங்கிருந்தும் கிளம்பி வருவதில்லை. நம் பணமும் முகவரியும்தான் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போகின்றன. கடைசியில் அந்த ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் ஒரு பூக்கடைக்காரர், அன்றைக்குத் தன் கடை வாளியில் இருக்கிற பூவை வைத்துக் கட்டிக் கொடுக்கிறார்.

இது பழைய ஏற்பாடு. 1910-ல் அமெரிக்காவில் பூக்கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து, தந்தி மூலம் ஒருவருக்கொருவர் ஆர்டர் மாற்றிக்கொள்ள ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரு நகரத்துக் கடையில் பணம் கட்டினால், இன்னொரு நகரத்துக் கடைக்காரர் பூவைக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆர்டர் பிடித்தவருக்கு ஒரு பங்கு, கட்டிக் கொடுத்தவருக்கு மீதி. பூ வழியில் வாடிவிடும், தந்தி வாடாது. அந்த யோசனை நல்ல யோசனை. இன்று தந்தி இருந்த இடத்தில் வாட்ஸப் இருக்கிறது, நடுவில் கைகள் கூடிவிட்டன, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு கை கூடும்போதும் பூவுக்குப் போய்ச் சேரும் காசு குறைகிறது, கடைக்காரருக்குத் தகவல் போய்ச் சேரும் நேரமும் தள்ளிப்போகிறது.

நான் புனேயில் வேலை பார்க்கிறேன். அம்மா குடியாத்தம் நெல்லூர்பேட்டையில் தனியாக இருக்கிறார். சித்தி வீடு ஆற்காட்டில். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு என்னால் போக முடியவில்லை. ஒரு வாரம் முன்பே ஒரு பெரிய இணையதளத்தில் லில்லியும் ஜெர்பராவும் சேர்ந்த பூங்கொத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். அக்னி நட்சத்திர வெயில் நேரம். தாலி கட்டி, பந்தி எல்லாம் முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பூ வந்தது. லில்லியே இல்லை. ஜெர்பராவுக்குக் கழுத்து தொங்கிவிட்டது. கொண்டுவந்த பையனைச் சித்தி உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேலூரிலிருந்து பைக்கில், மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

அவனிடம் கடை நம்பர் வாங்கி நான் பேசினேன். கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். "லில்லிலாம் இங்க யாருமா கேக்கறாங்க? பெங்களூர்லேர்ந்து வரணும். உங்க ஆர்டர் எனக்கு வந்ததே இன்னிக்கு காலைல பத்து மணிக்கு." நான் கட்டிய தொகையில் பாதிகூட அவருக்குப் போய்ச் சேரவில்லை. அந்தப் பணத்துக்கு அந்த நேரத்தில் அவரால் என்ன முடியுமோ அதைச் செய்திருந்தார். ஒரு வாரமாக அந்த ஆர்டர் எங்கேயோ ஒரு கணினியில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் நேராகத்தான் பேசுகிறேன். பேசிப் பேசித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்க் கணக்கு. பழைய வட ஆற்காடு 1989-ல் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மாவட்டம் மறுபடி மூன்றாகி, இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. இணையதளங்களுக்கு இன்னும் எல்லாமே 'வேலூர்'தான். 632 என்று தொடங்கும் அஞ்சல் எண்ணைப் போட்டால் ஆரணிக்கும் சரி, ஆற்காட்டுக்கும் சரி, குடியாத்தத்துக்கும் சரி, 'டெலிவரி உண்டு' என்று பச்சையாகக் காட்டும். வேலூரிலிருந்து குடியாத்தம் முப்பது கிலோமீட்டருக்கு மேல். மே மாத வெயிலில் அவ்வளவு தூரம் பைக்கில் போகும் பூ என்ன ஆகும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் பூ எந்த ஊரில் கட்டப்படுகிறது என்று கேளுங்கள். பெறுபவர் இருக்கும் அதே ஊரில் கட்டாத பூவை, வெயில் காலத்தில் நான் அனுப்பவே மாட்டேன்.

அடுத்தது, நம் சின்ன ஊர்ப் பூக்கடை என்ன செய்கிற கடை என்று புரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்குச் சோறு போடுவது மாலையும் சரமும் கல்யாண மேடையும் கார் அலங்காரமும்தான். பூங்கொத்து எப்போதாவது. குளிர்சாதன அறை கிடையாது. ஒரு வாளித் தண்ணீர், ஈரச் சாக்கு, தலைக்கு மேல் ஒரு ஃபேன். காம்போடு நிற்கிற ஜெர்பரா, கார்னேஷன், நீளக்காம்பு ரோஜா எல்லாம் ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களிலிருந்து வருகின்றன. மேடை அலங்காரத்துக்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாள் கட்டுக் கட்டாக இறங்கும். மற்ற நாளில் கடையில் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் முந்தின முகூர்த்தத்தின் மீதியாக இருக்கும். ஆகவே காம்புப் பூதான் வேண்டும் என்றால் காலண்டரில் முகூர்த்த நாளைப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். 'நீங்க எடுக்கும்போது எனக்கும் ஒரு கட்டு சேர்த்து எடுங்க' என்று சொன்னால் சந்தோஷமாக எடுப்பார். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். ஆனால் பூ அன்று இறங்கியதாக இருக்கும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் இல்லாததால் இந்த வழி அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் பூங்கொத்தை மறந்துவிட்டுச் சரம், மாலை, உதிரிப்பூ என்று போய்விடுவது நல்லது.

என்னைக் கேட்டால், எல்லா மாதத்திலும் அப்படிப் போவதுதான் நல்லது. ஊரில் அன்று காலை என்ன பூ வந்திருக்கிறதோ அதில்தான் உயிர் இருக்கும். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் விடியற்காலையிலேயே வியாபாரம் சூடு பிடித்துவிடும். சுற்றுவட்டாரக் கிராமத்துப் பூ, திருவண்ணாமலைப் பக்கத்துப் பூ, கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பூ எல்லாம் மூட்டை மூட்டையாக இறங்கும். சில்லறைக்காரர்கள் அங்கே வாங்கிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புவார்கள். அந்த மூட்டையில் இல்லாததைக் கேட்டு அவர்களை அலையவைப்பதைவிட, இருப்பதில் நல்லதைக் கேட்டு வாங்குவதில் இரண்டு பேருக்கும் நிம்மதி.

ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி? மேப்பில் தேடினால் நாலைந்து கடை வரும், பாதி நம்பர் பழசாக இருக்கும். கோயில் குருக்களைக் கேளுங்கள். தினமும் சாமிக்கு யாரிடம் மாலை வாங்குகிறார்களோ அந்த ஆள் விடியும் முன்னே எழுந்திருக்கிற ஆள். கல்யாண மண்டபத்து மேனேஜரைக் கேளுங்கள். எந்த அலங்காரக்காரர் சொன்ன நேரத்துக்கு வருகிறார், யார் வாய் மட்டும் பேசுகிறார் என்பது அவருக்கு மனப்பாடம். எல்லாவற்றுக்கும் மேலாக, பூ போகப்போகிற தெருவில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள். எனக்கு அப்படித்தான் கிடைத்தார் இப்போது எங்கள் வீட்டுக்குப் பூ கொடுக்கும் பூக்காரம்மா. பக்கத்து வீட்டு அக்கா தினமும் அவரிடம்தான் வாங்குவார். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், ஒரு மூங்கில் தட்டு, தகர டப்பா. கடைக்குப் போர்டு கிடையாது, மேப்பில் கிடையாது. டப்பாவின் பக்கவாட்டில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. 2016-ல் யூபிஐ வந்ததால்தான் இதெல்லாம் முடிகிறது. அதற்கு முன் வெளியூரிலிருந்து இப்படி ஒருவரிடம் பூ வாங்க வேண்டுமானால், உள்ளூரில் ஒரு சொந்தக்காரரை அனுப்பிக் காசு கொடுக்கச் சொல்லி, அவருக்கும் கடன்பட்டிருக்க வேண்டும்.

ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழைநாரை ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறப்போட்டிருப்பார். காய்ந்த நார் அறுந்துவிடும், ஈர நார் காம்பை அறுக்காமல் பிடிக்கும், சரத்துக்கும் குளிர்ச்சி. இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்த்து இடது கை விரலில் பிடித்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் விட்டு இழுத்தால் ஒரு முடிச்சு. கண் பூவில் இல்லை. தெருவில் போகிறவர்களோடு பேசிக்கொண்டே கட்டுகிறார். அளக்கும்போது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் சரத்தை வைத்து, நுனியில் கட்டைவிரலால் கிள்ளிவிடுகிறார்.

அன்றுதான் எனக்கு முழக் கணக்கின் உள்விவரம் புரிந்தது. விலை இறங்கின நாளில் முடிச்சுக்கு முடிச்சு இடைவெளியே தெரியாது. விலை ஏறின நாளில் ஒரு விரல் இடம் விட்டுக் கட்டுவார்கள். முழம் அதே முழம், பூ பாதி. அவரே சொன்னார்: "வெல ஏறனா இன்னா கண்ணு பண்றது? முழம் இவ்ளோனு சொன்னா வாங்கறவங்க திரும்பிக்கினு போய்டறாங்க. அதான் தள்ளித் தள்ளிக் கட்றோம்." இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, வாங்குகிறவர்களும் தெரிந்தே வாங்குகிறார்கள். ஆனால் போனில் ஆர்டர் சொல்லும் நமக்கு அந்த இடைவெளி கண்ணில் படாது. அதனால் நான் முழத்தில் சொல்வதை விட்டுவிட்டேன். "கால் கிலோ உதிரி மொட்டு எடுத்து நெருக்கமா கட்டிக் குடுங்க, கட்டுக்கூலி தனியா போட்டுடறேன்" என்று சொல்கிறேன். அன்றைய உதிரி விலையை அவர் சொல்வார். பேரம் பேசுவதில்லை. மாலை என்றாலும் அப்படியே: எவ்வளவு நீளம், சம்பங்கியா ரோஜாவா, நடுவில் மரிக்கொழுந்து வேண்டுமா என்பதோடு, 'ஜிகினா வேண்டாம்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அழகுக்கென்று வெள்ளிச் சரிகைத் தாளைச் சுற்றிவிடுவார்கள்.

நேரம் சொல்வதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறார்கள். அது சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தை ஒட்டி விரியும். ஆகவே மல்லிச் சரம் மத்தியானத்துக்கு மேல், மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போக வேண்டும். அப்போது கையில் வாங்கும்போது மொட்டு, தலையில் வைத்து ஒரு மணி நேரத்தில் வீடெல்லாம் வாசம். காலை பூஜைக்கு வேண்டுமானால் சம்பங்கி, சாமந்தி, அரளி, பன்னீர் ரோஜா சொல்லுங்கள். கனகாம்பரத்துக்கு வாசம் இல்லை, ஆனால் சீக்கிரம் வாடாது. ஒரு நாள் முன்னதாகவே கொடுத்தாக வேண்டிய கட்டாயம் இருந்தால் அதுதான் கை கொடுக்கும். பன்னீர் ரோஜா அழகுதான், இதழ் ஒரே நாளில் கொட்டிவிடும். காலையில் அர்ச்சனைக்குப் போகட்டும், பூங்கொத்தில் வேண்டாம்.

பொதிவதைப் பற்றிச் சண்டை போட்டாவது சொல்லிவிடுங்கள். மல்லியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டால் உள்ளே வேர்த்து, ஒரு மணி நேரத்தில் ஓரமெல்லாம் பழுப்பாகிவிடும். வாழை இலையில் வைத்து, மேலே ஈரத்துணியோ ஈரக் காகிதமோ சுற்றினால் போதும். 'ஃப்ரெஷ்ஷா இருக்கட்டும்' என்று சரத்தின் மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. வாங்குகிற வீட்டிலும் சொல்லிவையுங்கள்: மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்கலாம், பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பழத்தைப் பழுக்கவைப்பதோடு பூவையும் முதுமையாக்கிவிடும்.

இனி, நான் இந்த விஷயத்தில் மிகவும் மதிப்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பா போன பிறகு அம்மா தலையில் பூ வைப்பதில்லை. பொட்டு வைக்கிறார், கலர் புடவை கட்டுகிறார், பூ மட்டும் இல்லை. கணவர் போனால் பூவை விட்டுவிட வேண்டும் என்ற வழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை, அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறேன். அவர் மனசு கேட்கவில்லை. பூக்காரம்மாவிடம் முதன்முதலாகப் போனில் பேசியபோது, "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எங்க அம்மாவுக்கு மல்லி கொடுங்கக்கா" என்றேன். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அம்மாக்குனு சொல்லிக் குடுக்கட்டா கண்ணு, சாமிக்குனு சொல்லிக் குடுக்கட்டா?"

சாமிக்கு என்றே சொல்லிக் கொடுக்கச் சொன்னேன். அவர் அதோடு விடவில்லை. சாமி படங்களுக்கும் அப்பா படத்துக்கும் அளவாகச் சரத்தைக் கிள்ளிக் கொடுத்துவிட்டு, ஒரு சின்னத் துண்டைத் தனியாக இலையில் வைத்து, "இது மீதிமா, வாங்கி வெச்சிக்கோ, வாசம் நல்லா கீது" என்று கொடுத்திருக்கிறார். எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் கொடுக்கிறார். அம்மா அந்தத் துண்டைத் தலையில் வைப்பதில்லை, தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். நான் கேட்கவில்லை, அவராகவே ஒரு நாள் சொன்னார்.

ஒரு வீட்டுக்குப் பூ கொடுப்பதற்கு முன்னால் இந்த அளவுக்கு அந்த வீட்டைத் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். யார் வீட்டில் தீட்டு, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் இப்போது கனகாம்பரம் கேட்கும் வயதுக் குழந்தை வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தெருவுக்குப் பூ கொடுக்கிறவருக்குத் தெரியும். வயதான பெண்மணி தனியாக இருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாத பையன் ஒருவன் பூங்கொத்தோடு வந்து நின்றால் முதலில் வருவது பதற்றம்தான். 'யார் அனுப்பினது, எதுக்கு, என்ன ஆச்சு' என்று எனக்கே போன் வந்திருக்கிறது. தெரிந்த முகம் கொண்டுவந்து கொடுத்தால் அந்தக் கேள்வியே எழாது.

அதனால் பெற்றோரைத் தனியாக ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு நான் சொல்வது, பிறந்த நாளுக்கு ஒரு பெரிய பூங்கொத்துக்குச் செலவழிக்கும் காசை வாடிக்கைப் பூவாக மாற்றிப் பாருங்கள். மாதம் பிறந்ததும் பணம் போட்டுவிட்டால், தினமுமோ வெள்ளி செவ்வாய்க்கு மட்டுமோ, சொன்ன நாளில் பூ வாசலுக்கு வந்துவிடும். பூவோடு ஒரு ஆளும் வாசலுக்கு வருகிறார். ஒரு தடவை வழக்கமான நேரத்தில் அம்மா கதவைத் திறக்கவில்லை. பூக்காரம்மா பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு செக்கப்புக்குப் போயினு கீறாங்களாம், பயப்படாத கண்ணு" என்று எனக்குத் தகவல் சொன்ன பிறகுதான் அடுத்த தெருவுக்குப் போனார். அதற்கெல்லாம் தனியாகக் காசு கொடுத்தால் வாங்கமாட்டார். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் புடவை எடுத்துக் கொடுக்கிறோம்.

விலையைப் பற்றி. பங்குனி தொடங்கி ஆனி வரைக்கும் மல்லி கொட்டும், விலை படியும். கார்த்திகை, மார்கழி, தையில் பனி விழுந்தால் செடி மொட்டு வைப்பது குறைந்துவிடும். அதே சமயம் தையில் முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும்போது மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் போகும். அந்த நாளில் மல்லிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், காக்கடாவோ முல்லையோ, எது கிடைக்கிறதோ அதைக் கலந்து கட்டச் சொல்லுங்கள். சாமந்தி ஆயுத பூஜைக்கு உச்சத்துக்குப் போய், பூஜை முடிந்ததும் தரைக்கு வந்துவிடும். ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களுக்கே பூ போதாது. பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் ஓசூர் ரோஜா வெளிநாட்டுக்கும் பெரிய நகரங்களுக்கும் போய்விடும். நம் ஊருக்கு மிஞ்சுவது குறைவு, விலையும் கடுமை.

பூங்கொத்தேதான் வேண்டும் என்கிற சந்தர்ப்பம் உண்டு, பள்ளிக்கூடத்தில் ரிட்டயர்மென்ட் விழா மாதிரி. அப்போது நான் சம்பங்கியைக் காம்போடு கேட்கிறேன். சம்பங்கித் தண்டில் கீழிருந்து மேலாக மொட்டு ஒவ்வொன்றாக விரியும், தண்ணீர் மாற்றினால் நாலைந்து நாள் வீட்டில் நிற்கும். அதோடு பட்டன் ரோஸ், கோழிக்கொண்டை, சுற்றிலும் காமினி இலை. உள்ளூர் அலங்காரக்காரர் அண்ணன் இதை அழகாகக் கட்டுகிறார். ஒரே ஒரு நிபந்தனை, கிளம்பும் முன் போட்டோ அனுப்ப வேண்டும். பாதிப் பணம் முதலில், போட்டோ பார்த்ததும் மீதி. வாங்கிய வீட்டில் செய்ய வேண்டியதையும் ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்கிறேன்: காம்பின் அடியை ஒரு விரல் அளவுக்குச் சாய்வாக நறுக்கி, தண்ணீருக்குள் இருக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஜெர்பரா இருந்தால் அதை மட்டும் தனியாகக் கொஞ்சத் தண்ணீரில் வைக்க வேண்டும், அதன் காம்பு சீக்கிரம் அழுகும்.

வேலூர் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்திருப்பவர்களுக்குப் பூ அனுப்பலாமா என்று அலுவலகத்தில் என்னைப் பலர் கேட்கிறார்கள். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் அங்கே வருகிறவர்கள் அவ்வளவு பேர். தீவிர சிகிச்சைப் பிரிவிலும், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் இருக்கும் வார்டுகளிலும் பொதுவாகப் பூவை உள்ளே விடமாட்டார்கள். கூட இருப்பவரிடம், வார்டு நர்ஸைக் கேட்டுச் சொல்லும்படி முதலில் சொல்லுங்கள். இல்லையென்றால் டிஸ்சார்ஜ் ஆகி லாட்ஜ் அறைக்கு வந்த பிறகு அனுப்புங்கள். வாசம் அதிகம் இல்லாத பூவாக இருக்கட்டும்.

சாவுக்குப் போக முடியாதபோது மாலை அனுப்புவது தனி விஷயம், அதற்கு அவகாசமே கிடையாது. பெரியப்பா பேரணாம்பட்டில் இறந்தபோது எனக்குத் தகவல் வந்தது காலையில், எடுப்பது மத்தியானம். இணையத்தில் தேடி, ஆர்டர் போட்டு, அது கை மாறிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பூக்காரம்மாவுக்குப் பேரணாம்பட்டில் ஒரு மாலைக்கடைக்காரரைத் தெரியும், அவர் நம்பர் கொடுத்தார். அந்தக் கடைக்காரர் என்னிடம் கேட்டவை மூன்று: எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, உங்க பேர்ல யார் போடுவாங்க. மூன்றாவது கேள்விதான் வெளியூரில் இருக்கும் நமக்குத் தோன்றாது. மாலை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தால் போதாது, அதை வாங்கி 'இது இன்னார் போடச் சொன்னது' என்று போடுவதற்கு உறவில் ஒருவர் வேண்டும். என் அத்தை மகன் அங்கே இருந்தான், அவனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கடைக்காரர் ரோஜா மாலையை அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, கொடுத்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் விட்டார். சொந்தக்காரர்கள் இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாலைக்கடை நம்பரை இப்போதே வாங்கிப் போனில் போட்டுவையுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள்.

கடைசியாக, குடியாத்தத்துக்காரர்களுக்கு மட்டும். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலையை ஊர்வலமாகக் கொண்டுபோகும் திருவிழா. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு கிளம்பி கோபாலபுரம் போய்ச் சேரும் வரைக்கும் வழியெல்லாம் மாலையும் சூறைத்தேங்காயும்தான். அன்றைக்கு ஊருக்குள் வண்டி நுழையாது, பூ கட்டுகிற எந்தக் கையும் சும்மா இருக்காது. எங்கள் பூக்காரம்மா, "சிரசு அன்னிக்கு போன் பண்ணாத கண்ணு, எடுக்கறதுக்கு கை இருக்காது" என்று சொல்லியே வைத்திருக்கிறார். அம்மா வாசலில் நின்று சிரசுக்குச் சாத்துகிற மாலைக்கு நான் சித்திரை இருபது வாக்கிலேயே பணம் போட்டுவிடுகிறேன். முந்தின நாள் ராத்திரியே கட்டி, ஈரத்துணி சுற்றி, அம்மா கையில் கொடுத்துவிடுவார்.